பழக்குகிறவர்

லெஸ்லி சுகானந்தராஜா 1983இல் கொழும்பில் பிறந்தவர். சிறு வயதிலேயே ஜேர்மனிக்குப் போய் அங்கேயே வளர்ந்தார். வைமார் நகரிலுள்ள ஃபிரான்ஸ் லிஸ்ட் இசை உயர்கல்லூரியில் இசை நடத்துநராகப் பயின்றார். ரைன் நதிக்கரையிலுள்ள கோப்லென்ஸ் நகர அரங்கிலும், பின்னர் ஒஸ்திரியாவின் லின்ஸ் மாநில அரங்கிலும் கப்பெல்மைஸ்டர் என்ற நடத்துநர் நிலையில் பணியாற்றினார். 2019/20 அரங்கப் பருவத்தில் சால்ஸ்பூர்க் மாநில அரங்கின் இசை இயக்குநராகப் பொறுப்பேற்றார்.

இப்படிப்பட்ட செய்தி கையில் கிடைத்தால் கடைசி வரியைத் தூக்கித் தலைப்பில் வைப்பது நம் பத்திரிகை வழக்கம். மோட்சார்ட் பிறந்த ஊரில் ஓர் ஈழத்தமிழர் கோல் பிடிக்கிறார் என்றால் நல்ல தலைப்புத்தான், பெருமைப்படவும் இடமுண்டு. ஆனால் இப்படி ஒருவர் எப்படி உருவாகிறார் என்ற கேள்வியை அந்தத் தலைப்பு விழுங்கிவிடும். அதற்கான விடை, கோப்லென்ஸ், லின்ஸ் என்று செய்தியின் நடுவே அவசரமாகக் கடந்துபோகிற இரண்டு பெயர்களில் இருக்கிறது என்பது என் எண்ணம்.

அந்த விடையைத் தேடுவதற்கு மண்டைதீவு பொருத்தமான இடம். யாழ்ப்பாண நகருக்கு மிக அண்மையிலுள்ள தீவு இது. பண்ணைத் தாம்போதியால் கடலைக் கடந்து, ஊர்காவற்றுறை வீதியில் இடப்பக்கம் திரும்பினால் ஊருக்குள் வந்துவிடலாம். நீரேரிக்கு அந்தப் பக்கம் குருநகரும் பாசையூரும். இந்தக் கரையோரம் கத்தோலிக்கத் தென்மோடிக் கூத்தின் நிலம். ஒபேரா என்றால் என்னவென்று இங்கே யாருக்கும் நீட்டி விளக்க வேண்டியதில்லை. அரசனும் மந்திரியும் சேவகனும் வேதசாட்சியும் விடிய விடியப் பாட்டிலேயே வழக்காடி, பாட்டிலேயே உயிர் விடுகிற அரங்கைப் பார்த்து வளர்ந்த சனங்கள். அந்த அரங்கை ஆள்பவர் அண்ணாவியார். ஐரோப்பிய நடத்துநரின் தொழிலை அண்ணாவியாரின் பக்கம் நின்று பார்த்தால், மேடை விளக்கின் கீழ் நின்று பார்ப்பவர் கண்ணுக்குத் தப்பும் சில விடயங்கள் புலப்படும்.

இசை நடத்துநர் என்ற தனித்தொழில் ஐரோப்பாவிலேயே அவ்வளவு பழையதல்ல. பதினேழாம் நூற்றாண்டில் பிரெஞ்சு அரசவையில் லுல்லி ஒரு கனத்த தடியால் தரையைத் தட்டித் தாளம் காட்டினார். 1687இல் அரசன் நோயிலிருந்து மீண்டதற்கான நன்றிப் பாடலை நடத்தும்போது தடி காலில் பட்டு, புண் அழுகி இறந்தார். அவருக்குப் பின்னும் பாரிஸ் ஒபேராவில் தாளத் தட்டு ஓயவில்லை. மரம் வெட்டுகிறவன் போடும் சத்தம் போலிருக்கிறது என்று ரூசோ சலித்துக்கொண்டார். இதைப் படிக்கும்போது எனக்கு அண்ணாவியாரின் கைத்தாளமான சல்லாரியின் நினைவுதான் வரும். தாளம் காதில் விழவேண்டும் என்பது அன்றைய ஐரோப்பாவுக்கும் இயல்பான எண்ணமாகவே இருந்திருக்கிறது. சத்தமில்லாத கோல் பத்தொன்பதாம் நூற்றாண்டின் வேலை: 1817இல் டிரெஸ்டன் அரங்கில் வேபர், 1820இல் லண்டனில் ஸ்போர், 1835 முதல் லைப்சிக்கில் மெண்டல்ஸோன். வாத்தியங்கள் பெருகிப் பாட்டெழுத்து சிக்கலானபோது, வயலினைத் தோளில் வைத்தபடியோ விசைப்பலகையில் இருந்தபடியோ மற்றவர்களை இழுத்துச் செல்வது முடியாமற்போனது. வாசிக்காத ஒருவர் தேவைப்பட்டார்.

வாசிக்காதவர் என்ன செய்கிறார்? கச்சேரி பார்க்கப் போகிறவர் காண்பது முதுகையும் கையையும். வலக்கை தாளக்கட்டைக் காட்டும். இடக்கை ஒலியை ஏற்றவும் இறக்கவும், இந்த இடத்தில் நீ நுழை என்று ஒரு குழுவுக்குச் சொல்லவும் பயன்படும். அவர் முன்னே விரிந்திருக்கும் முழு இசைப்பிரதியில் குழல் முதல் கொன்ட்றபாஸ் வரை இருபதுக்கு மேற்பட்ட வரிகள் ஒன்றின்கீழ் ஒன்றாக ஓடும். இதில் முக்கியமானது அடி விழும் கணத்தைவிட அதற்கு முந்திய கணம். முதல் அடிக்கு முன் கை மேலே எழும்போதே வேகமும் பலமும் தன்மையும் அதற்குள் இருக்கவேண்டும். ஊது வாத்தியக்காரர்கள் அந்த எழுச்சியில்தான் மூச்செடுப்பார்கள். அடி விழுந்த பிறகு திருத்த நினைப்பது பிந்திய வேலை.

ஆயினும் இதெல்லாம் அன்றிரவுக் காட்சி. வேலையின் பெரும்பகுதி அதற்கு முன்பே முடிந்திருக்கும்.

ஜேர்மன் மொழி பேசும் நாடுகளில் அது எங்கே நடக்கிறது என்று பார்த்தால் சுகானந்தராஜாவின் பாதை தெளிவாகும். ஜேர்மனியில் மட்டும் ஏறத்தாழ 80 ஒபேரா அரங்குகள் பொதுப்பணத்தில் இயங்குகின்றன. உலகில் வேறெந்த நாட்டிலும் இந்த அடர்த்தி இல்லை. நாட்டின் ஒன்றிணைப்புக்கு முன் சிற்றரசுகளும் சுதந்திர நகரங்களும் போட்டி போட்டுக் கட்டியவை இவற்றிற் பல. நம்மூர் மாநகரசபை நூலகம் நடத்துவதுபோல் அங்கே ஒரு நடுத்தர நகரம் பாடகர், சேர்ந்திசைக் குழு, நடனக்குழு எல்லோரையும் மாதச் சம்பளத்தில் வைத்திருக்கும். ஒரே பருவத்தில் பல படைப்புகளை மாற்றி மாற்றி மேடையேற்றும். செவ்வாய் மோட்சார்ட் என்றால் வெள்ளி வேர்டி, ஞாயிறு பிற்பகல் பிள்ளைகளுக்கு ஏதாவது.

இந்த அரங்குகளுக்குள் ஓர் ஏணி இருக்கிறது. கீழ்ப்படி கொரெப்பெட்டிட்டோர், அதாவது பியானோவில் இருந்து பாடகர்களுக்குப் பாடம் ஏற்றுகிறவர். அவருக்கு மேலே இரண்டாம் கப்பெல்மைஸ்டர், முதலாம் கப்பெல்மைஸ்டர். உச்சியில் பொது இசை இயக்குநர். பல தலைமுறைகளாக நடத்துநர்கள் ஏறிவந்த வழி இது. குஸ்டாவ் மாலர் 1880இல் லின்சுக்கு அருகே பாட் ஹால் என்ற சிறிய ஊரில் கோடைகால இசைநாடகங்களை நடத்தித் தொடங்கினார். லைபாக், ஓல்முட்ஸ், காஸல், பிராக், லைப்சிக், புடாபெஸ்ட், ஹம்பேர்க் என்று படிப்படியாக நகர்ந்து 1897இல் வியன்னாவை அடைந்தார். சால்ஸ்பூர்க்கிற் பிறந்த காராயன் 1929இல் தொடங்கிய இடமும் ஊல்ம் என்ற சிறு நகரத்து அரங்குதான். ஐந்து ஆண்டுகள் அங்கே இருந்தார். பெரிய பெயர்களின் வரலாற்றில் இந்தச் சிற்றூர்களை இளமைக் கஷ்டம் என்று எழுதிக் கடந்துவிடுவார்கள். கஷ்டம் இருந்திருக்கும், மறுக்கவில்லை. ஆனால் அவர்கள் தொழில் கற்றது அங்கேதான்.

கொரெப்பெட்டிட்டோரின் அறையைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். ஒரு பியானோ, ஒரு பாடகி, இருவருக்கும் பொதுவான ஒரு பாட்டுப்பிரதி. முழு வாத்தியக்குழுவின் இசையையும் பத்து விரலுக்குள் சுருக்கி அவர் வாசிக்கவேண்டும். அதோடு நிற்காது, பாடகிக்குப் பதில் சொல்லும் அரசனின் வரியையும் சேடியின் வரியையும் தானே பாடிக் கொடுக்கவேண்டும். குரல் எப்படியிருந்தாலும் சரி, சொல்லும் இடமும் தவறக்கூடாது. பாடகி எந்தச் சொல்லில் மூச்சு வாங்குகிறாள், எந்த உயர்ந்த சுரத்துக்கு முன் பயப்படுகிறாள், எந்த மெய்யெழுத்தை விழுங்குகிறாள் என்பதெல்லாம் வாரக்கணக்கில் அவர் காதில் ஏறிவிடும். பிறகொரு நாள் அதே மனிதர் கோலோடு வாத்தியக் குழியில் நிற்கும்போது, அந்த உயர்ந்த சுரத்துக்கு முன் ஒரு மயிரிழை பொறுத்துக் கொடுப்பார். சபையில் ஒருவருக்கும் அது தெரியாது. பாடகிக்குத் தெரியும்.

கப்பெல்மைஸ்டரின் படி இன்னொரு விதத்திற் கடினமானது. புதிய தயாரிப்பின் முதற்காட்சியைப் பெரும்பாலும் இசை இயக்குநர் நடத்துவார். பின்வரும் காட்சிகள் சில கப்பெல்மைஸ்டரின் கைக்கு வரும், பல வேளைகளில் வாத்தியக்குழுவோடு ஓர் ஒத்திகைகூட இல்லாமல். மற்றவர் அமைத்த வேகங்களை மதிக்கவேண்டும். அதேநேரம் அன்றைய இரவுக்குப் பொறுப்பு முழுவதும் தன்னுடையது. கதாநாயகனுக்குத் தொண்டை கட்டி, வேறொரு நகரத்திலிருந்து ரயிலேறி வந்த மாற்றுப்பாடகர் மாலை ஐந்து மணிக்கு வாசலில் நிற்பார். ஏழரைக்குத் திரை விலகும். இப்படியான இரவுகள் பலவற்றைத் தாண்டியவருக்கு அரங்கு என்றால் என்னவென்று எந்தக் கல்லூரியும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை.

சுகானந்தராஜா கோப்லென்சிலும் லின்சிலும் நின்றது இந்தப் படியில். கோப்லென்ஸ் அரங்கு 1787இல் திறக்கப்பட்ட பழைய கட்டடம். மோட்சார்ட்டின் இசைநாடகம் ஒன்றோடு, அவர் உயிரோடிருக்கும்போதே திறந்தார்கள். லின்ஸ் அதற்கு நேர்மாறு. அங்கே 2013இல் திறந்த புதிய இசை அரங்கும், புரூக்னர் பெயரைத் தாங்கிய பெரிய வாத்தியக்குழுவும் உண்டு. ஒன்றில் நெருக்கமான சிறிய மண்டபம், மற்றதில் நவீன இயந்திர மேடை. இரண்டு வகை வீட்டிலும் வேலை பார்த்தவர் அவர்.

சால்ஸ்பூர்க் என்றதும் பலருக்கு 1920இல் தொடங்கிய கோடை விழா நினைவுக்கு வரும். அதையும் மாநில அரங்கையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. விழா உலகப் பணக்காரரும் உலகப் பாடகரும் சில வாரங்கள் கூடிக் கலையும் இடம். மாநில அரங்கு ஊராருக்கு ஆண்டு முழுவதும் திறந்திருக்கும் வீடு. இப்போதுள்ள கட்டடம் 1893ஆம் ஆண்டினது. இசை நாடகங்களுக்கு அங்கே வாசிப்பது மோட்சார்டேயும் வாத்தியக்குழு. மோட்சார்ட்டின் விதவை கொன்ஸ்டான்சாவின் ஆதரவோடு 1841இல் உருவான இசைச் சங்கத்தின் வழிவந்தது அது. மோட்சார்ட்டைக் கரைத்துக் குடித்த அந்தக் குழுவின் முன் மோட்சார்ட்டை நடத்துவதற்குத் துணிச்சல் வேண்டும்.

பொறுப்பேற்ற முதற் பருவத்தில், 2019 நவம்பரில், அவர் நடத்தியது வாக்னரின் ‘லோஹென்கிரீன்’. மாநில அரங்கின் மேடை அதற்குப் போதாது என்பதால் பாறைக் குதிரைப்பள்ளியில் நடந்தது. 1693இல் மலையைக் குடைந்து குதிரையேற்றக் காட்சிகளுக்காகச் செய்த இடம் அது. மேடைக்குப் பின்னால் மூன்று அடுக்குகளாக வளைவு மாடங்கள் பாறையிலேயே செதுக்கப்பட்டிருக்கின்றன. அகன்ற மேடை, ஆழம் குறைவு. சேர்ந்திசைக்காரர் ஓர் ஓரத்திலும் எக்காளக்காரர் மறு ஓரத்திலும் நிற்கவேண்டியிருந்தால் நடத்துநருக்கு உடனே ஒரு பௌதிகப் பிரச்சினை வந்துவிடும். ஒலி 34 மீட்டரைக் கடக்க ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்கு எடுக்கும். சிறிய தொகைதான். ஆனால் விரைவான இசையில் அந்தப் பத்தில் ஒரு பங்கு ஒரு சுரத்தையே விழுங்கிவிடும். தூரத்தில் நிற்பவர் தம் காதுக்கு வரும் இசையோடு சேர்ந்து பாடினால் சபைக்குப் பிந்திக் கேட்கும். ஆகவே காதை நம்பாதே, கையைப் பார் என்று பழக்கவேண்டும். வாழ்நாள் முழுவதும் காதை நம்பிப் பழகிய பாடகருக்கு இது இலேசில் வராது.

‘லோஹென்கிரீன்’ முதன்முதல் மேடையேறியது 1850 ஓகஸ்ட் 28ஆம் திகதி, வைமாரில். நடத்தியவர் லிஸ்ட், சுகானந்தராஜா படித்த கல்லூரி பின்னாளில் யாருடைய பெயரைச் சூடிக்கொண்டதோ அதே லிஸ்ட். வாத்தியக்காரர் நாற்பது பேர்கூட இல்லை. எழுதிய வாக்னரோ டிரெஸ்டன் கிளர்ச்சியில் சேர்ந்ததால் தேடப்பட்டு, சுவிற்சர்லாந்தில் அகதியாக இருந்தார். அன்றிரவு லூசேர்ண் நகரத்து விடுதியொன்றில் கடிகாரத்தைப் பார்த்தபடி, இப்போது இந்தக் காட்சி, இப்போது இந்தக் காட்சி என்று மனதுக்குள் ஓட்டிக்கொண்டிருந்தாராம். பிறகு வைமாரில் தன் கணக்கைவிட அதிக நேரம் ஓடியது என்று கேள்விப்பட்டு மனம் நொந்தார். தன் நாடகத்தைத் தானே அரங்கிற் பார்க்க அவருக்கு 1861 வரை காத்திருக்கவேண்டி வந்தது. ஊருக்குத் திரும்ப முடியாமல், ஊரில் நடக்கும் திருவிழாவின் நேரத்தைத் தூரதேசத்திலிருந்து எண்ணிக்கொண்டிருப்பது எப்படியென்று தீவுப்பகுதி மக்களுக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இனிக் கூத்துக்கு வருவோம்.

எஸ்தாக்கியார், சந்தியோகுமையோர், தேவசகாயம்பிள்ளை போன்ற கத்தோலிக்கக் கூத்துகளைப் பழக்க மாதங்கள் ஆகும். பழகுகிறவர்கள் பகலில் கடற்றொழிலாளர், கூலித் தொழிலாளர், ஆசிரியர்; இரவில் அரசர். அண்ணாவியார் கையில் கொப்பி இருக்கும். அதில் விருத்தமும் கொச்சகமும் சிந்தும் தருவும் சொல்லாக மட்டும் எழுதியிருக்கும். மெட்டு அவர் நெஞ்சில். ஆளைப் பார்த்து, குரலைக் கேட்டுப் பாத்திரம் கொடுப்பார். ஊர்ப் பகையையும் உறவையும் பார்த்தும் கொடுக்கவேண்டியிருக்கும். எந்தப் பெரிய ஒபேரா அரங்கின் நிர்வாகிக்கும் இந்தத் தலையிடி புதியதல்ல.

கரையோரக் கூத்தில் ஒரு நீண்ட பாத்திரத்தைப் பலர் பங்குபோடுவது வழக்கம். முன்னிரவில் வரும் எஸ்தாக்கியார் ஒருவர், நடுச்சாமத்தில் வருபவர் இன்னொருவர், விடியற்காலையில் சாகப்போகிறவர் மூன்றாமவர். கூடுதலான பேருக்கு நேர்த்தியைத் தீர்க்க வாய்ப்புக் கிடைக்கிறது. ஒருவரின் தொண்டையும் தப்புகிறது. ஆனால் மூன்று குரலும் ஒரே மனிதன் என்று சபை நம்பவேண்டும். அண்ணாவியார் மூவரையும் ஒரே விதமாக இழுக்கவும் ஒரே விதமாக நிறுத்தவும் பழக்குவார். ஒரு தருவின் முதலடியைத் தான் பாடிக் காட்டுவார். பழகுகிறவர் திருப்பிப் பாடுவார். அடியின் நடுவில் மூச்சு வாங்கினால் சல்லாரி நின்றுவிடும். விளக்கம் இல்லை. மறுபடி முதலிலிருந்து. சல்லாரி நிற்காமல் அந்த அடி முடியும்வரை இதுதான் பாடம்.

அரங்கேறும் இரவிலும் அண்ணாவியார் போய்விடமாட்டார். ஒருபக்கத்தில் மத்தளத்தோடும் பிற்பாட்டுக்காரரோடும் நின்று, பாத்திரம் பாடிய அடியை வாங்கித் திருப்பிப் பாடுவார். ஐரோப்பிய நடத்துநருக்கு இல்லாத பெரிய வசதி இது. ஒருவன் சுருதி விலகினால், பிற்பாட்டு அந்த அடியைச் சரியான சுருதியில் எடுத்துக் கொடுக்கும்போதே தானாக இழுபட்டு வந்துவிடுவான். அடி மறந்தால் திரைக்குப் பின்னால் கொப்பி பார்ப்பவர் முதற்சொல்லை எடுத்துக்கொடுப்பார். ஒபேரா மேடையின் முன்விளிம்பில் ஒரு சிறிய கூட்டுக்குள் ஒளிந்திருந்து சொல்லெடுத்துக் கொடுக்கும் ஆளைப் பார்த்தவர்களுக்கு இவர் நெருங்கிய சொந்தம். சபை கலைந்துபோகிறது என்று கண்டால் அண்ணாவியார் சில தருக்களை வெட்டுவார். சபை அழுகிறது என்று கண்டால் நீட்டுவார். வாக்னர் இதைக் கேட்டிருந்தால் மயங்கி விழுந்திருப்பார்.

இரண்டும் ஒன்றுதான் என்று சாதிப்பது என் நோக்கமல்ல. ஐரோப்பிய நடத்துநர் எழுதப்பட்ட ஒலியை ஒலியாக்குகிறார். அண்ணாவியார் எழுதப்படாத ஒலியைச் சுமந்து வருகிறார். முன்னவருக்கு எண்பது வாத்தியக்காரரின் வேறுவேறு வரிகளை ஒரே நேரத்தில் கேட்கும் காது வேண்டும். பின்னவர் நாற்பது ஆட்டக்காரரின் மெட்டையும் ஒரே தலைக்குள் வைத்திருக்கவேண்டும். ஒத்திருப்பது தொழிலைக் கற்கும் முறை. இருவரும் எல்லோருடைய பங்கையும் கீழிருந்து பாடிப் பாடியே மேலே வருகிறவர்கள். பிற்பாட்டுக்காரனாக நின்று, கொப்பி பார்த்து, சிறிய பாத்திரம் ஆடி, பெரிய பாத்திரம் ஆடி, கடைசியில் சல்லாரியைக் கையில் வாங்குகிறவர்தான் அண்ணாவியார். அந்தச் சல்லாரியைக் கல்லூரிச் சான்றிதழைக் காட்டி வாங்க முடியாது.

அப்படியென்றால் வேறுபாடு எங்கே? ஏணியில் அல்ல, ஏணி சாய்ந்திருக்கும் சுவரில். கூத்துக்கு நிரந்தர வீடு ஒருநாளும் இருக்கவில்லை. அண்ணாவியாருக்கு வேட்டியும் சால்வையும் மாலையும் சேர்த்தெடுத்த காசும் கிடைக்கும். மாதச் சம்பளமும் ஓய்வூதியமும் கிடையாது. திருவிழா வந்தால் கூத்து. திருவிழா நின்றால் கூத்தும் நின்றது.

நின்றும்போனது. எண்பதுகளில் தீவுக்கடலில் மீன்பிடித் தடையும் இரவு ஊரடங்கும் வந்தபோது விடிய விடிய ஆடும் கலைக்கு இரவே இல்லாமற்போனது. 1986 ஜூன் 10ஆம் திகதி மண்டைதீவுக் கடலில் குருநகர்க் கடற்றொழிலாளர்கள் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். 1990 ஓகஸ்டில் இராணுவம் தீவுப்பகுதியைக் கைப்பற்றியபோது மண்டைதீவு, அல்லைப்பிட்டி, மண்கும்பான் சனங்கள் இடம்பெயர்ந்தனர். பிடித்துச் செல்லப்பட்ட இளைஞர் பலர் திரும்பவில்லை. ஒரு கூத்துக்குச் சில நூறு இரவுகளும் ஐம்பது ஆட்களும் ஓர் ஊரும் வேண்டும். அவை மூன்றும் ஒரே நேரத்தில் பறிபோன இடத்தில் ஓர் இளைஞன் அடுத்த படிக்கு ஏறுவது எப்படி? யாழ்ப்பாணத்தில் 1965 முதல் திருமறைக் கலாமன்றம் செய்த வேலை இல்லாவிட்டால் இழப்பு இன்னும் பெரிதாக இருந்திருக்கும். மரியசேவியர் அடிகள் தொடங்கிய அந்த மன்றம் போர்க்காலத்திலும் கூத்தை மேடையில் வைத்திருந்தது.

படித்த உலகம் கூத்தை மீட்ட கதையிலும் அண்ணாவியாரின் இடம் சற்றுச் சங்கடமானது. 1956இல் பேராசிரியர் சரச்சந்திரவின் ‘மனமே’ நாடகம் சிங்கள அரங்கைப் புரட்டிப்போட்டது. நமது கூத்தின் வழியில் வந்த, ‘நாடகம’ என்ற சிங்கள அரங்க மரபுதான் அதன் அடித்தளம். அந்த மரபின் மெட்டுகளைப் பல்கலைக்கழக மாணவர் நாவில் ஏற்றியவர் சார்ள்ஸ் சில்வா குணசிங்க குருன்னான்சே. 1962இல் ‘கர்ணன் போர்’, பின்னர் ‘இராவணேசன்’ என்று பேராதனையில் பேராசிரியர் வித்தியானந்தன் மேடையேற்றியபோது மட்டக்களப்பிலிருந்து வந்து பழக்கியவர் வந்தாறுமூலைச் செல்லையா அண்ணாவியார். இரவு முழுவதும் ஓடிய கூத்து சிறிய நேரத்துக்குள் சுருங்கியது; தமிழ் அரங்கு பெருமை கொண்டது. நூல்களில் பேராசிரியர்களின் பெயர் தலைப்பிலும், பழக்கியவர்களின் பெயர் நன்றியுரையிலும் இருக்கும். இதை யாருடைய குற்றமாகவும் நான் சொல்லவில்லை. பழக்குதல் என்பதை ஒரு கலைத்தொழிலாகப் பார்க்கும் கண் நமது ஆய்வுக்கு அன்று இருக்கவில்லை. கூத்தின் கதை, யாப்பு, வடமோடி தென்மோடி வேறுபாடு பற்றி அலுமாரி நிறைய எழுதிவிட்டோம்.

நடத்துநர் ஆவதற்கு வேறு வழியே இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறது. 1936இல் பம்பாயில் பிறந்த சுபின் மேத்தாவின் வழி. தந்தை மெஹ்லி மேத்தா அவர் பிறப்பதற்கு முந்திய ஆண்டே பம்பாயில் ஒரு சிம்பொனிக் குழுவை அமைத்தவர். மகன் வியன்னாவில் ஸ்வரோவ்ஸ்கியிடம் படித்து, 1958இல் லிவர்பூல் போட்டியில் வென்று, மொன்றியல், லொஸ் ஏஞ்சல்ஸ் என்று கச்சேரி மேடை வழியே உயர்ந்தார். ஒபேராவின் பெரிய பதவிகள் பின்னர் வந்தன. மின்னல் வேகம், அசாதாரணத் திறமை, வீட்டிலேயே இசைக்குழு. அந்த மூன்றும் ஒருசேர வாய்ப்பது நூற்றாண்டுக்கு ஒருமுறை. இலங்கையிலும் சிம்பொனிக் குழு 1958 முதல் இருக்கிறது, ஆனால் அது கொழும்பின் ஆர்வலர் உலகம். கச்சேரிக்குக் கச்சேரி கூடும் குழுவில் ஓர் இளைஞன் நாள்தோறும் தொழில் கற்க முடியாது. சென்னை ஒலிப்பதிவுக் கூடங்களில் இசையமைப்பாளரின் உதவியாளர் எத்தனையோ பேர் அற்புதமாகக் கைகாட்டி நடத்தியிருக்கிறார்கள். அந்தக் கைகளை இரசிகர் கண்டதில்லை. ஒலிப்பதிவு முறை மாறியபோது அந்த வேலையும் போய்விட்டது.

ஆகவே சுகானந்தராஜாவைப் பற்றிப் பேசும்போது ‘முதல் தமிழர்’ என்ற பட்டத்துக்கு நான் அவசரப்படமாட்டேன். 1983க்குப் பின் ஜேர்மனியில் வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகள் பல்லாயிரம். வார இறுதியில் மிருதங்கமும் வாய்ப்பாட்டும் கற்றவர்கள் அவர்களிற் பலர்; தாளம் என்பது அவர்களுக்கு அந்நியமான விடயமல்ல. ஆனாலும் வாத்தியக் குழியின் முன்னே போய் நின்றவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். காரணம் திறமையில் இல்லை என்றே நினைக்கிறேன். நம் வீடுகளில் மருத்துவம், பொறியியல் என்ற இரண்டு கதவுகளுக்கு வெளியே சம்பளம் உண்டு என்று நம்புவது கடினம். மாலை ஏழரைக்கு வேலைக்குப் போய் நள்ளிரவில் வீடு திரும்பி, ஒரு சிற்றூர் அரங்கில் ஆறேழு ஆண்டுகள் இரண்டாம் ஆளாக இருப்பது ஒரு தொழில் என்று பெற்றோருக்குப் புரியவைப்பது அதைவிடக் கடினம். இந்தத் தயக்கத்தைக் கரையோரத்து மக்களிடம் கண்டிருக்க முடியாது. அவர்களின் பெரியப்பாமாரும் மாமாமாரும் கடலால் வந்து சாப்பிட்டுவிட்டு நேரே பழகப் போனவர்கள்.

மண்டைதீவில் இப்போது சனம் திரும்பியிருக்கிறது. 2025 செப்டம்பரில் இங்கே சர்வதேச கிரிக்கெட் மைதானம் ஒன்றுக்கு அடிக்கல் நாட்டினார்கள். நல்லது, பெடியள் விளையாடட்டும். கூத்துப் பழக நிரந்தர மண்டபம் ஒன்று பற்றி யாரும் பேச நான் கேட்கவில்லை. கூத்து பெரும்பாலும் புலம்பெயர்ந்த நகரங்களின் வாடகை மண்டபங்களில் வாழ்கிறது. பாரிசிலும் ரொறன்ரோவிலும் கரையோர மக்கள் சேர்ந்து ஆடுகிறார்கள். மண்டபத்தை நேரத்துக்குத் திருப்பிக் கொடுக்கவேண்டும் என்பதால் விடியும்வரை ஆட முடியாது; எதை வெட்டுவது என்பதை அண்ணாவியார் ஒத்திகையிலேயே முடிவு செய்துவிடுகிறார்.

ஐரோப்பாவில் மாலர் கோடு போட்டுக் குறித்த இசைப்பிரதிகள் பத்திரமாக இருக்கின்றன. எந்த அடியில் எந்த வாத்தியத்தை அடக்கினார், எங்கே வேகத்தை இழுத்தார் என்று இன்றைய நடத்துநர் பார்த்துக்கொள்ளலாம். கூத்துக் கொப்பிகள் சில அச்சேறிவிட்டன, பல மேடைக் காட்சிகள் ஒளிப்பதிவாகியும் விட்டன. பதிவாகாமல் இருப்பது பழக்கும் இரவுகள்: சல்லாரி எந்த அடியில் நின்றது, எத்தனை தரம் நின்றது, அண்ணாவியார் எந்தச் சொல்லைத் தானே பாடிக் காட்டினார், எந்த இடத்தில் பேசாமல் விட்டார் என்பவை. எண்பதுகளில் பிற்பாட்டுக்கு நின்ற பெடியள் இன்று அறுபதைத் தொட்டவர்கள்; அவர்களிற் சிலர் இந்த மாரிக்கும் ஏதோ ஒரு நகரத்தில் வேலை முடிந்து வந்து பழக்குவார்கள். ஒலிவாங்கியை மேடைக்கு முன் வைப்பதற்குப் பதில் அந்த அறைக்குள் கொண்டுபோய் வைக்க ஓர் ஆள் வேண்டும்.